புது வீடு, மூன்று பேர், முதல் இரண்டு மாதம்

வீடு மாறி இன்றோடு இரண்டு மாதம். பெட்டி எல்லாம் பிரித்தாகிவிட்டது, ஜன்னல் திரை மாட்டியாகிவிட்டது, முகவரி மாற்ற வேண்டிய இடத்தில் எல்லாம் மாற்றியாகிவிட்டது, ஆனால் நேற்று இரவுதான் முதல் தடவையாக நடுவில் எழாமல் விடியும் வரை தூங்கினேன். அந்தத் தெம்பில்தான் இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் மூன்று பேர். நானும் என் சிநேகிதியும் ஐந்து வருடமாக ஒரே வீட்டில் இருந்தவர்கள். அந்த வீட்டை உரிமையாளர் தன் குடும்பத்துக்காகத் திருப்பிக் கேட்டார், கொடுத்துவிட்டோம். இரண்டு பேர் சம்பளத்தில் கட்டுப்படியாகிற வீடு எதுவும் அமையவில்லை, மூன்று அறை உள்ள வீடு ஒன்று அமைந்தது. அப்போதுதான் சிநேகிதியின் அலுவலகத்தில் வேலை செய்கிற அக்கா ஒருவர் தானும் வீடு தேடுவதாகச் சொல்ல, சரி, மூன்று பேராகப் போகலாம் என்று முடிவானது. அக்கா எங்களைவிட எட்டு வயது மூத்தவர். வாரத்தில் மூன்று நாள் அவருக்கு இரவு வேலை, வீட்டுக்கு வர இரண்டு மணி ஆகும். அப்போது இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூட்டை கட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை, அலுப்பான வேலை. ஆனால் புத்தகம் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பெரிய பெட்டி நாலு போதுமே, எதற்குச் சின்னதாகப் பத்துப் பெட்டி என்றுதான் முதலில் தோன்றும். பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர் இருக்கிற பெட்டி 27 லிட்டர் கொள்ளும், அதே 40 சென்டிமீட்டர் என்றால் 64 லிட்டர். பார்க்கக் கொஞ்சம்தான் பெரிதாகத் தெரியும், ஆனால் புத்தகத்தை நிரப்பினால் எடை இரண்டு மடங்கையும் தாண்டிவிடும், ஒரு ஆள் தூக்க முடியாது, தூக்கினாலும் அடிப்பக்கம் பிரிந்து கொட்டும். எங்களுக்கு மாடிப்படியின் பாதியில் கொட்டியது. புத்தகத்துக்குச் சின்னப் பெட்டி, தலையணை போர்வைக்குப் பெரிய பெட்டி. அப்புறம், ஃப்ரிட்ஜைப் படுக்க வைத்துக் கொண்டுபோனால் இறக்கியவுடனே பிளக்கைச் சொருகாதீர்கள். படுத்த நிலையில் கம்ப்ரஸருக்குள் இருக்கிற எண்ணெய் குழாய்களுக்குள் ஓடியிருக்கும், அது திரும்பி இறங்கச் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்குள் நுழைந்த அன்று எங்களை வரவேற்றது சாக்கடை நாற்றம். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம், ஏமாந்துவிட்டோமோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. அக்காதான் நேராகக் குளியலறைக்குப் போய் எல்லாக் குழாயையும் திறந்துவிட்டார். வாஷ்பேசினுக்குக் கீழே குழாய் வளைந்து போகிறது அல்லவா, அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும், சாக்கடைக் காற்று மேலே ஏறாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். வீடு பல மாதம் பூட்டிக் கிடந்தால் அது வற்றிவிடும், வழி திறந்துவிடும். தரையில் இருக்கிற தண்ணீர் போகும் துவாரங்களிலும் ஒவ்வொரு குவளை ஊற்றினோம். சாயங்காலத்துக்குள் நாற்றம் போய்விட்டது. அக்கா மேல் எனக்கு முதல் மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

அறை பிரித்த கதையைச் சொல்கிறேன், இதை நிறையப் பேர் கேட்கிறார்கள். மூன்று அறையும் ஒரே மாதிரி இல்லை. ஒன்று பெரியது, இரண்டு பக்கமும் ஜன்னல். நடுவில் இருப்பது மிதமான அளவு, குளியலறை ஒட்டியே இருக்கிறது. மூன்றாவது சின்னது, வாசல் கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வாடகையைச் சமமாக மூன்றாகப் பிரித்துவிட்டு அறைக்குச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுதான் எல்லாரும் செய்வது. அதில் சின்ன அறை கிடைத்தவர் மாதாமாதம் வாடகை கொடுக்கும்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பார், வாயைத் திறந்து சொல்லவும் மாட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை.

இந்தச் சிக்கலுக்குக் கணிதத்திலேயே ஒரு வழி இருக்கிறது. பிரான்சிஸ் சூ என்ற கணித அறிஞர் 1999ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அறைகள் எவ்வளவு ஏற்றத்தாழ்வாக இருந்தாலும், எத்தனை பேர் இருந்தாலும், ஒவ்வொருவரும் வேறு வேறு அறையைத் தாமாகவே விரும்பி எடுத்துக்கொள்கிற மாதிரி வாடகையைப் பிரிக்க ஒரு வழி கட்டாயம் இருக்கும் என்று நிரூபித்தார். நிபந்தனைகள் எளிமையானவைதான்: எப்படிப் பிரித்தாலும் ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஓர் அறையாவது ஏற்கும்படி இருக்க வேண்டும், சும்மா கிடைக்கிற அறை ஒன்று இருக்கும்போது அதை விட்டுவிட்டுக் காசு கொடுக்க வேண்டிய அறைதான் வேண்டும் என்று யாரும் சொல்லக் கூடாது. நிரூபணத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது ஸ்பெர்னர் என்பவர் 1928ல் கண்டுபிடித்த ஒரு துணைத்தேற்றம், முக்கோணத்தைச் சின்னச் சின்ன முக்கோணங்களாகப் பிரித்து முனைகளுக்கு மூன்று நிறம் கொடுக்கிற விஷயம். வாடகைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும், படித்துப் பார்த்தால் அவ்வளவு அழகாகப் பொருந்துகிறது.

நாங்கள் அந்த அளவுக்குப் போகவில்லை, அதன் சாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். மொத்த வாடகை நூறு பங்கு என்று வைத்துக்கொண்டு மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம். சமமாகப் பிரித்தால் எந்த அறை வேண்டும் என்று ஆளுக்கு ஒரு துண்டுத்தாளில் எழுதினோம். நானும் சிநேகிதியும் பெரிய அறை, அக்கா நடு அறை, சின்ன அறைக்கு ஆளில்லை. அப்படியானால் பெரிய அறை மலிவாக இருக்கிறது, சின்ன அறைக்கு விலை அதிகம் என்று அர்த்தம். பெரியது 38, நடு 34, சின்னது 28 என்று மாற்றி மறுபடி எழுதினோம். அதே பதில்தான். அடுத்து 42, 34, 24. இப்போது எனக்குக் கை தயங்கியது. 24 பங்குக்கு ஓர் அறை, நான் எப்படியும் பகல் முழுக்கக் கூடத்தில் உட்கார்ந்துதான் வேலை செய்கிறேன், தூங்க மட்டும்தானே அறை, மிச்சமாகிற பணத்தைச் சேர்த்து வைக்கலாம். சின்ன அறை என்று எழுதினேன். சிநேகிதி 42 கொடுத்தாலும் பெரிய அறைதான் வேண்டும் என்றாள், அவளுக்கு வெளிச்சம் வேண்டும், வரைகிறவள். அக்கா நடு அறையைவிட்டு அசையவே இல்லை. மூன்று துண்டுத்தாளில் மூன்று வேறு பதில், முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. இந்த இரண்டு மாதத்தில் அறையைப் பற்றி ஒரு தடவைகூட எனக்கு மனத்தாங்கல் வந்ததில்லை. யாரும் என்னை அந்த அறையில் தள்ளவில்லை, நானே கேட்டு வாங்கிக்கொண்டது.

ஆனால் வாசல் கதவு என் தலைமாட்டில் இருந்து ஆறடி தூரத்தில் இருக்கிறது என்பதை நான் அந்தத் துண்டுத்தாளில் எழுதும்போது யோசிக்கவில்லை.

முதல் நாள் இரவு யாருமே சரியாகத் தூங்கவில்லை. புது இடத்தில் தூக்கம் வராது என்று பெரியவர்கள் சொல்வதுதான், அதற்கு உடம்பில் ஒரு காரணமும் இருக்கிறது. 2016ல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். பழக்கமில்லாத இடத்தில் முதல் இரவு தூங்கும்போது மூளையின் இரண்டு பாதியும் ஒரே அளவு ஆழத்துக்குப் போவதில்லை, இடது பாதி கொஞ்சம் விழிப்பாகவே இருக்கிறது, வழக்கத்துக்கு மாறான சத்தம் வந்தால் சட்டென்று எழுப்பிவிடுகிறது. திமிங்கிலமும் சில பறவைகளும் பாதி மூளையைக் காவலுக்கு வைத்துவிட்டு மீதிப் பாதியில் தூங்கும் என்று படித்திருக்கிறேன், நமக்கும் அதில் ஒரு சிறு துளி இருக்கிறது போல. அந்த ஆராய்ச்சியில் பங்கெடுத்தவர்களுக்கு அடுத்த தடவை அதே இடத்தில் தூங்கும்போது இந்த வித்தியாசம் குறைந்துவிட்டது. எனக்குக் குறையவில்லை. காரணம், அவர்கள் தூங்கிய இடத்தில் இரண்டு மணிக்கு யாரும் கதவைத் திறக்கவில்லை.

சத்தத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்ததாலோ என்னவோ, அந்த முதல் வாரத்தில் இன்னொன்றையும் கவனித்தேன். கூடம் காலியாக இருந்தபோது நாங்கள் பேசினால் ஒவ்வொரு சொல்லும் சுவரில் மோதித் திரும்பி வந்தது, அதனால் எங்களை அறியாமலே குசுகுசுவென்று பேசினோம், யாரோ வேற்றார் வீட்டுக்கு வந்திருப்பது போல. பாய் விரித்து, திரை மாட்டி, புத்தக அலமாரியை நிரப்பி, துணிகளை அடுக்கி வைக்க வைக்க எதிரொலி கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேசுவது யாருக்கும் புரியவில்லை என்று 1895ல் வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரைப் பார்க்கச் சொன்னார்களாம். ஒரு சத்தம் அடங்க ஐந்து விநாடிக்கு மேல் ஆனது. அவர் பக்கத்தில் இருந்த அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து அடுக்கி, இன்னும் எத்தனை போட்டால் எவ்வளவு குறைகிறது என்று இரவெல்லாம் அளந்தார், விடிவதற்குள் எல்லா மெத்தையையும் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிடுவார். ஒலியியலில் இன்றும் பயன்படுகிற ஒரு சூத்திரம் அப்படித்தான் பிறந்தது. எங்கள் கூடத்தில் நடந்ததும் அதேதான், மூன்று பேர் துணிமணியும் அக்காவின் பழைய கம்பளமும் சேர்ந்து வீட்டின் குரலை மாற்றின. ஒரு சாயங்காலம் சிநேகிதி சமையலறையிலிருந்து உரக்கச் சிரித்தாள், அது சாதாரணமான சிரிப்பாக என் காதில் விழுந்தது, எதிரொலி இல்லை. அன்றைக்கு வீடு கொஞ்சம் எங்களுடையதானது.

சாமான்கள் ஒன்றுசேர்கிற விஷயம் தனிக் கதை. மூன்று பேர் சாமான் ஒரே வீட்டுக்கு வந்தால் எல்லாமே மூன்று மூன்றாக இருக்கும், இல்லாவிட்டால் ஒன்றுகூட இருக்காது. எங்களிடம் நான்கு வாளி, மூன்று இஸ்திரிப் பெட்டி, ஒரு கத்தரிக்கோல்கூட இல்லை. எது நல்ல நிலையில் இருக்கிறதோ அதை வெளியே வைப்பது, மீதியை அவரவர் பெயர் எழுதிய பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றுவது என்று வைத்துக்கொண்டோம். தூக்கி எறியச் சொல்லி யாரும் யாரையும் கேட்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அக்காவிடம் ஒரு முக்காலி இருக்கிறது, ஒரு கால் ஆடும், பார்வைக்கும் ஒன்றும் இல்லை, அவர் அம்மா உட்கார்ந்தது. அது கூடத்தில் ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது, அங்கேயேதான் இருக்கும்.

வீட்டு வேலையில் உரசல் வந்தது ஐந்தாவது வாரத்தில். பெரிய சண்டை எதுவும் இல்லை, பாத்திரத்தைக் கழுவி வைக்கிற சத்தம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும் பாருங்கள், அந்த மாதிரி. எனக்கு மனதுக்குள் நான்தான் எல்லாம் செய்கிறேன் என்று ஓடிக்கொண்டிருந்தது. மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நினைவுக்கு வந்தது. கணவன் மனைவி இருவரிடமும் தனித்தனியாக, வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். இரண்டு பேர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலான தம்பதிகளுக்கு மொத்தத்தைவிட அதிகமாக வந்தது. பொய் சொல்கிறார்கள் என்பதல்ல, தான் செய்தது தனக்கு நினைவில் இருக்கிறது, மற்றவர் செய்ததில் பாதி கண்ணிலேயே படுவதில்லை.

அன்று இரவு மூன்று பேரையும் மறுபடி துண்டுத்தாளோடு உட்காரவைத்தேன். நான் 50 என்று எழுதியிருந்தேன், சிநேகிதி 45, அக்கா 40. கூட்டினால் 135. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒவ்வொருவரும் மற்றவர்களுக்குத் தெரியாமல் செய்து வருவதைச் சொன்னோம். குளியலறைத் துவாரத்தில் சேர்கிற முடியை எடுத்துப் போடுவது அக்கா, இரவு வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், இரண்டு நாளைக்கு ஒரு தடவை. எனக்கு அப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது, தண்ணீர் தானாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குப்பைப் பையை மாற்றுவதும், மின்சாரக் கட்டணம் கடைசி நாள் தாண்டாமல் பார்த்துக்கொள்வதும் சிநேகிதி. நான் நினைத்திருந்த ஐம்பது, அந்த இடத்திலேயே கரைந்தது. பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டவில்லை, எங்களுக்கு அது சரிப்படாது என்று தோன்றியது, செய்ததை வாய்விட்டுச் சொல்லிவிடுவது என்று மட்டும் வைத்துக்கொண்டோம். "இன்னைக்குத் துவாரம் சுத்தம் பண்ணிட்டேன்" என்று அக்கா சொன்னால், "சரிக்கா, நாளைக்கு நான் பாத்துக்கறேன்" என்று யாராவது சொல்லிவிடுகிறோம்.

ஆனால் கதவு விஷயத்தை மட்டும் அன்றும் நான் சொல்லவில்லை.

வாரம் மூன்று இரவு, இரண்டு மணிக்குச் சாவிக்கொத்து குலுங்கும், பூட்டில் சாவி திரும்பும், கதவு தரையில் உரசிக்கொண்டு திறக்கும், கீல் ஒரு நீளமான முனகல் முனகும், தாழ்ப்பாள் விழும். ஒவ்வொன்றும் வரிசையாக. நான் விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன், மறுபடி தூங்க நாலு மணி ஆகும். அக்கா பாவம், பத்து மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வருகிறார், மூத்தவர், வந்து சேர்ந்து சில வாரம்கூட ஆகவில்லை, அவரிடம் போய்க் கதவு சத்தம் போடுகிறது என்று எப்படிச் சொல்வது? இந்த மரியாதையை நினைத்தே ஆறு வாரம் ஓட்டினேன். மரியாதை மாதிரி இருந்தது நாளாக ஆக எரிச்சலாக மாறியது, பகலில் அக்கா சாதாரணமாக ஏதாவது கேட்டால்கூட நான் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல ஆரம்பித்திருந்தேன். அது எனக்கே பிடிக்கவில்லை.

ஒரு நாள் இரவு தண்ணீர் குடிக்க எழுந்து கூடத்துக்கு வந்தேன், அக்கா அப்போதுதான் உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இன்னும் தூங்கலயா?"

"தூங்கினேன்க்கா. கதவு சத்தத்துல முழிப்பு வந்துடுச்சு."

"இன்னைக்கா?"

"தினமும்க்கா."

அவர் முகம் விழுந்துவிட்டது. "வந்த அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "நானும் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். அவர் காலை பதினோரு மணி வரை தூங்குகிறவர். நான் ஒன்பது மணிக்குக் கூடத்தில் உட்கார்ந்து வேலைக்கான அழைப்புகளைப் பேச ஆரம்பித்துவிடுவேன், நடு அறைக் கதவுக்கு நேர் எதிரே. ஆறு வாரமாக அவரும் அதைச் சொல்லாமல் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார், பெண்ணுக்கு வேலை நேரம், எப்படிச் சொல்வது என்று. என் சத்தம் அவரைத் தூங்க விடாமல் இருந்திருக்கிறது என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவே இல்லை. அவர் கதவு மட்டும்தான் என் கணக்கில் இருந்தது.

அடுத்த நாள் இரண்டு மணி நேர வேலை. கீலுக்கு எண்ணெய் விட்டோம், கதவின் அடிப்பக்கம் தரையில் உரசிய இடத்தை ஒரு தச்சரைக் கூப்பிட்டுச் சீவினோம், தாழ்ப்பாள் விழுகிற இடத்தில் ஒரு துண்டுத் துணியை ஒட்டினோம், அக்கா வாசல் சாவியைக் கொத்திலிருந்து கழற்றித் தனியாக வைத்துக்கொண்டார். நான் என் மேசையைக் கூடத்தின் அந்தக் கோடிக்கு, புத்தக அலமாரிக்குப் பின்னால் நகர்த்தினேன், பதினோரு மணிக்கு முன்னால் வருகிற அழைப்புகளை என் அறைக்குள் போய்ப் பேசுகிறேன். புதிதாகச் சேர்ந்து குடியேறுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் என் வேண்டுகோள் இது: வந்த முதல் வாரத்திலேயே உட்கார்ந்து, உங்கள் தூக்கம் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எந்தச் சத்தத்துக்கு எழுவீர்கள் என்று பேசிவிடுங்கள், வாடகையைப் பேசுகிற அன்றைக்கே பேசினாலும் நல்லதுதான். குறை வந்த பிறகு சொல்வது கஷ்டம். குறை வருவதற்கு முன்னால் அது வெறும் தகவல்.

அதன் பிறகும் சில நாள் விழிப்பு வந்தது, ஆனால் வேறு மாதிரி. சாவி ஒரு தடவை திரும்புகிற மெல்லிய சத்தம், அக்கா குதிகால் ஊன்றாமல் நடந்து போவது, சமையலறையில் விளக்குப் போடாமல் குவளையைத் தேடுவது. ஓ, வந்தாச்சு என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் படுப்பேன். இப்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே யார் நடக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். சிநேகிதி வேகமாக வைத்து வைத்து நடப்பாள், அக்காவின் நடையில் வலது கால் லேசாக இழுக்கும், மாதக் கடைசியில் வேலை கூடும்போது இன்னும் கொஞ்சம் இழுக்கும்.

நேற்று அக்காவுக்கு இரவு வேலை. படுக்கும்போது மணி பதினொன்று, மறுபடி கண் விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம். சாவி திரும்பியதும் கேட்கவில்லை, குவளையும் கேட்கவில்லை. ஒரு நிமிஷம் பயந்துபோய், அக்கா வரவே இல்லையோ என்று எழுந்து வெளியே வந்து பார்த்தேன். வாசலில் அவர் செருப்பு இருந்தது, முக்காலிக்குப் பக்கத்தில் பை, நடு அறைக் கதவு சாத்தியிருந்தது. நான் அலைபேசியை எடுத்துக்கொண்டு என் அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன், ஒன்பது மணி அழைப்புக்கு.